வேலை போன இரும்பு

ஆதிகால மோட்டார்க்காரர்களுக்குக் குதிரையை அவிழ்த்துவிடத் தெரிந்ததே தவிர, குதிரை வண்டியை விட்டு இறங்க மனம் வரவில்லை. அதற்குச் சாட்சி, காரின் மடக்குக் கூரையைத் தாங்கிய ஓர் இரும்பு.

ஜெர்மனியில் லாண்டாவ் என்று ஓர் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பெயரில் ஒரு சாரட்டு பிரபலமானது. முன்னால் ஒரு தோல் கூரை, பின்னால் ஒரு தோல் கூரை, இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். வெயிலடித்தால் சீமாட்டியின் தொப்பியை ஊரே பார்க்கலாம். தூறல் விழுந்தால் தொப்பியைக் காப்பாற்றலாம். கூரையைத் தாங்கப் பக்கவாட்டில் எஸ் வடிவில் வளைந்த இரும்பு, அதன் நடுவே ஒரு கீல். நிமிர்த்தி, நேர்கோட்டைத் தாண்டி ஒரு தள்ளு தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு கூரைத் தோல் இழுக்க இழுக்கப் பூட்டு இறுகுமே ஒழிய அவிழாது. யாரோ ஒரு கொல்லர் நிஜமாகவே மூளையைச் செலவழித்திருக்கிறார்.

கார் வந்தது. சாரட்டு கட்டிய கம்பெனிகளே காருக்கும் உடம்பு கட்டின. அப்போது ரோல்ஸ்-ராய்ஸ் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டும் விற்கும். மேலே என்ன வைப்பது என்பது வாங்குகிற சீமானின் பாடு. 1907-இல் பேர் பெற்ற ‘சில்வர் கோஸ்ட்’டுக்கு உடம்பு கட்டியது லண்டனின் பார்க்கர் கம்பெனி. அந்த ஆண்டுப் பரிசோதனையில் அந்தக் கார் 15,000 மைல் ஓடியது. இடையில் கோளாறால் ஒரே ஒரு தடவை, பெட்ரோல் குழாயின் திருகு அதிர்வில் தானாக மூடிக்கொண்டதால் நின்றது.

கம்பெனியின் பொறியாளர் ராய்ஸ், எஞ்சின் சத்தத்தை ஒழித்ததுதான் வம்பாகப் போயிற்று. குளம்படிச் சத்தத்தில் யார் காதிலும் விழாத கீலின் முனகல், இப்போது கோட்டு போட்ட கனவானின் காதருகே கச்சேரி வைத்தது. கீலில் இடம் விட்டால் தடதடக்கும், இறுக்கினால் மடங்காது. போதாக்குறைக்குக் காற்று வேறு. மணிக்குப் பத்து மைலில் போன வண்டி நாற்பதில் போனால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு. குதிரைக்குக் கணக்குப் போட்ட இரும்பு இதற்கெங்கே போவது? திறந்த கார்கள் பலவற்றில் கூரையின் முன்விளிம்பிலிருந்து நீண்ட தோல்வார்களை இறக்கி, காரின் மூக்கோடு இழுத்துக் கட்டினார்கள். ஆஸ்தியை அழித்து வாங்கிய வாகனம், சந்தைக்குப் போகும் கழுதை மூட்டை மாதிரி நின்றது.

இந்தக் கூரையை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அதனால் ‘ஒரே ஆள் ஏற்றும் கூரை’ என்று விளம்பரம் செய்தார்கள். அந்த ஒரே ஆள் முதலாளி இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லாண்டோலெட் என்ற ரகம் இன்னும் நியாயமானது: பின்சீட்டுக்கு மட்டும் மடக்குக் கூரை. பல வண்டிகளில் ஓட்டுநருக்கு மேலே வானம்தான். அதற்குக் கீலும் தேவையில்லை, செலவும் இல்லை.

1920-களில் மூடிய கார்கள் பெருகின. கூரை அசையாது என்று ஆன பிறகு இரும்புக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. ஆகவே பதவி உயர்வு கொடுத்தார்கள். அசையாத கூரைமேல் துணியை ஒட்டி, மடக்குக் கூரை போலப் பாவனை காட்டி, பக்கத்தில் மடங்காத எஸ் ஒன்றைப் பொருத்தினார்கள். தாங்குவதற்கு எதுவுமில்லாததால் முன்னைவிட நன்றாகவே மின்னியது. 1962-இல் ஃபோர்டு கம்பெனி தண்டர்பேர்டில் லாண்டாவ் என்றே ஒரு ரகம் விட்டது: வினைல் ஒட்டிய இரும்புக் கூரை, இருபுறமும் பொய் எஸ்.

இன்று அந்த எஸ்ஸை அதிகம் பார்க்க முடிவது அமெரிக்காவின் அமரர் ஊர்திகளில். உள்ளே படுத்திருப்பவர் எழுந்து கூரையைத் திறக்கச் சொல்லமாட்டார் என்ற தைரியம்தான்.