தவணை முறையில் நீதி

2001 டிசம்பரில், மணிலாவில் உட்கார்ந்திருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி பாகிஸ்தானுக்கு 35 கோடி டாலர் கடன் கொடுத்தது. அணை கட்ட அல்ல, சாலை போட அல்ல. ஏழைகளுக்கு நீதி கிடைக்க! அந்த நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் எளியவர்கள் படும் பாட்டைப் பார்த்து வங்கிக்கு மனசு கேட்கவில்லை. இனாமாகக் கொடுக்கிற அளவுக்கு மனசு இளகவில்லை, அவ்வளவுதான்.

கடனை வாங்கிக்கொண்ட கை யாருடையது? 1999 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் முஷாரப்புடையது. 2000 ஜனவரியில் நீதிபதிகளைக் கூப்பிட்டு, தன் ஆணைக்குக் கட்டுப்படுவதாகப் புதிதாகப் பிரமாணம் எடுக்கச் சொன்னார். முடியாது என்ற தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கி வீட்டுக்குப் போனார். பிரமாணம் எடுத்தவர்கள் அதே ஆண்டு மே மாதத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு செல்லும் என்று தீர்ப்பு எழுதி, ஜெனரலுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தந்தார்கள். அடுத்த ஆண்டே கடன். திருடன் கையில் சாவியைக் கொடுத்தது போதாதென்று, பூட்டுக்கு எண்ணெய் போடவும் பணம்.

பணம் தவணையாக வந்தது. சட்டம் போடு, விதியைத் திருத்து, ஆணையம் அமை, நிதியம் தொடங்கு; அடுத்த தவணையை வாங்கிக்கொள். எல்லாம் காகிதத்தில் இருந்தால் போதும். நிபந்தனைப் பட்டியலில் ஒரு டிக், கஜானாவில் ஒரு வரவு. அசலையும் வட்டியையும் கட்டப் போவது யார்? தேயிலைக்கும் சர்க்கரைக்கும் வரி கொடுக்கிற அதே ஏழைதான். வராத நீதிக்கு அவன் பெயரில் பில்.

கடன் வந்த அடுத்த ஆண்டே, 2002 ஜூனில், பஞ்சாபின் மீர்வாலா கிராமத்துப் பெரிய மனிதர்கள் கூடி எடுத்த முடிவின்படி முக்தாரன் மாய் கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டார். அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வழக்கு நடத்தினார். ஆறு பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. 2005இல் லாகூர் உயர் நீதிமன்றம் ஐந்து பேரை விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் அவர் அமெரிக்கா போகக் கிளம்பியபோது அரசு தடை போட்டது. நாட்டின் மானம் போய்விடுமாம்! பஞ்சாயத்து கூடியபோது எங்கே போயிருந்தது அந்த மானம்?

போலீஸ் சீர்திருத்தமும் இந்தக் கடன் திட்டத்தில் இருந்தது. 1861இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைத் தூக்கிவிட்டு, 2002இல் புதிய போலீஸ் ஆணை வந்தது. 2004இலேயே அதன் பல்லைப் பிடுங்கினார்கள். 2011இல் சிந்துவும் பலுசிஸ்தானும் 1861க்கே திரும்பின. விக்டோரியா மகாராணி காலத்துக்குப் போய்ச் சேர டாலரில் டிக்கெட் எடுத்த நாடு வேறு உண்டா?

2007 நவம்பர் 3 அன்று முஷாரப்பின் நெருக்கடி நிலை. மறுபடியும் புதுப் பிரமாணம்; எடுக்க மறுத்த சுமார் 60 உயர் நீதிபதிகள் பதவி இழந்தார்கள். பலர் வீட்டுக் காவலில். ஏழை நீதிபதியை அணுகுவது இருக்கட்டும், நீதிபதி தன் வீட்டுக் கேட்டையே அணுக முடியவில்லை.

ஸ்வாத் பள்ளத்தாக்கில் நிலத் தகராறுக்குத் தலைமுறைக் கணக்கில் வாய்தா வாங்கிச் சலித்தவர்களிடம் தாலிபான்கள் வந்தார்கள். கையில் திட்ட அறிக்கை இல்லை, சவுக்கு இருந்தது. தீர்ப்பு உடனுக்குடன். 2009 ஏப்ரலில் அரசே பணிந்து அங்கே ஷரியா நீதிமுறைக்குக் கையெழுத்துப் போட்டது. தாலிபான்களுக்கு இப்படி ஒரு வசதியான காலியிடத்தை விட்டுவைத்தது யார் என்று எந்த ஆலோசகரும் கணக்குக் கேட்கவில்லை.

2016 அக்டோபரில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் அண்ணன் தம்பி இருவரை விடுதலை செய்தது. சாட்சியங்களில் நம்பகம் இல்லையாம். தீர்ப்பை எடுத்துக்கொண்டு போனால் சிறையில் ஆளில்லை. ஓராண்டுக்கு முன்பே, 2015 அக்டோபரில், பகவல்பூர் சிறையில் இருவரையும் தூக்கில் போட்டுவிட்டார்கள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பது தூக்கு மேடைக்கு எட்டவில்லை. வழக்குத் தாமதத்தைக் குறைப்பது 35 கோடி டாலர் திட்டத்தின் முக்கிய நோக்கம். அந்த இருவர் விஷயத்தில் தாமதமில்லாமல் வேலை பார்த்தது கயிறு ஒன்றுதான்.