ஒட்டுத்தாள் சாசனவியல்: ஓசூர் சிப்காட் பாஸ்வேர்டுகள் குறித்து ஒரு முன்னாய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தொல்பொருள் பஞ்சம் கிடையாது. மல்லச்சந்திரத்தில் கற்திட்டைகள், ஊருக்கு ஊர் நடுகற்கள், மயிலாடும்பாறை இரும்புக்கு வயது 4,200 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இத்தனை இருந்தும், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் மஞ்சள் ஒட்டுத்தாள்களை அறிஞர் எவரும் படியெடுக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

இவ்வகைச் சாசனம் மானிட்டர் விளிம்பிலும் கீபோர்டுக்கு அடியிலும் கிடைக்கும். ஸ்டோர்ஸில் மட்டும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்தை ஒட்டி. வாசகம் ஒரே மரபு: குலதெய்வத்தின் பெயர், ஒரு @, பிறகு 123. தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டுமென்று கம்ப்யூட்டர் அடம்பிடிப்பதால் 123ஐ அடித்து 124, அதையும் அடித்து 125. எட்டு அடித்தல் கண்டால் கிளார்க்குக்கு இரண்டு வருட சர்வீஸ் என்று துணியலாம்; மாதிரியைக் கார்பன் சோதனைக்கு அமெரிக்கா அனுப்ப வேண்டியதில்லை.

எழுதியவர் சோம்பேறி என்பது ஐ.டி. பிரிவாரின் கொள்கை. யாம் உடன்படோம். நைட் ஷிஃப்டில் டெஸ்பாட்ச் பக்கம் போய்ப் பாருங்கள். லோடு ஏறிய லாரி கேட்டில் நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு. தளத்தில் லாகின் செய்து எடுக்கும் இ-வே பில் இல்லாமல், எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்ட முடியாது. டிரைவர் தெலுங்கில் அவசரப்படுத்துகிறார், செக்யூரிட்டி கன்னடத்தில் அதட்டுகிறார். பாஸ்வேர்டு தெரிந்தவரோ லீவு. போன் போகிறது.

"அண்ணே, பாஸ்வேர்டு?"

"காலண்டருக்குப் பின்னாடி பாருப்பா."

மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே லாகின் என்றால் சுவர்தானே பொது ஞாபகம்? 2025 ஏப்ரல் முதல் இ-வே பில் தளத்தில் எல்லாருக்கும் ஓடிபி கட்டாயமானது. அதற்கென வைத்த பழைய போன் அதே காலண்டருக்குக் கீழே சார்ஜில் கிடக்கிறது.

தொண்ணூறு நாள் வழக்கின் மூலநூலையும் தேடினோம். 2003இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டுக்காகப் பில் பர் எழுதிய வழிகாட்டி அதற்குப் பெரும் செல்வாக்கைத் தந்தது. 2017இல் அவரே அதற்கு வருத்தம் தெரிவித்தார். திருட்டுப்போன அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிஸ்ட்டும் அதே ஆண்டு திருத்தி எழுதியது. சேதி பெங்களூரு வரை வந்திருக்கலாம். செக்போஸ்ட்டில் நிற்கிறது போலும்.

ஒப்பாய்வுக்கு ஹவாய். 2018 ஜனவரியில் ஏவுகணை வருகிறதென்று அத்தீவு மாநிலம் பொய்யாக அலறியது. பிறகு அந்த எச்சரிக்கையை அனுப்பிய அலுவலகத்தின் 2017ஆம் ஆண்டுப் படமொன்றை உற்றுப் பார்த்தார்கள்: மானிட்டரில் ஒட்டுத்தாள், அதில் பாஸ்வேர்டு. அலறலுக்கு அது காரணமில்லை. சாசன மரபு உலகளாவியது என்பதற்கு மட்டும் சான்று.

நம் நாட்டில் அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் காலண்டரைத் திருப்பிப் பார்த்தவர் யார் என்று எந்த லாக் ஃபைலும் சொல்லாது.

ஆகவே ஐ.டி. மேனேஜர்களுக்கு ஒரு விண்ணப்பம். இ-வே பில் தளத்திலேயே துணைப் பயனர் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். மற்றவற்றுக்குக் கீபாஸ், பிட்வார்டன் போன்ற பெட்டகங்கள் காசில்லாமலே கிடைக்கின்றன. நீளமான பாஸ்வேர்டு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். தொண்ணூறு நாள் கெடுவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.