கடல் தாண்டினால் பழங்குடி கெட்டுவிடும்

கடல் தாண்டினால் சாதி கெடும் என்று அந்தக் காலத்தில் பயமுறுத்துவார்கள். சாதி கெட்டதோ இல்லையோ, அந்தமான் கப்பலில் ஏறியதும் பழங்குடி என்பது மட்டும் கழன்று கடலில் விழுந்துவிடுகிறது.

1918-லிருந்து இன்றைய ஜார்க்கண்ட் பக்கமுள்ள சோட்டா நாக்பூரின் ஓராவோன், முண்டா, காரியா மக்களை மரம் வெட்ட இங்கே ஏற்றி வந்தார்கள். ஆளுக்கொரு பெயர் எழுதச் சோம்பலோ என்னவோ, எல்லோரும் ஆள் சேர்த்த ராஞ்சி நகரின் பெயரால் 'ராஞ்சிக்காரர்கள்' ஆனார்கள். காட்டை வெட்டினார்கள், சாலை போட்டார்கள். 1883-லேயே தொடங்கிவிட்ட சாத்தம் மர ஆலைக்குத் தீனி போட்டார்கள்.

கூலிக் கணக்குதான் அற்புதம். ஒற்றை ஆள் வயிற்றுக்கு அளந்தால் போதும். பெண்டாட்டி பிள்ளைகளை ஊர் நிலம் பார்த்துக்கொள்ளும். அந்த ஒற்றை வயிற்றிலும் மிச்சம் பிடித்து அவன் ஊருக்குப் பணம் அனுப்பினான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க முதலாளிகளும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்: குழியில் தனி ஆளாக வேலை, குடும்பம் கிராமத்துச் சோளத்தில். பட்டணத்து லாபத்துக்குப் பட்டிக்காடு சோறு போட்டது.

1949 முதல் கிழக்கு வங்க அகதிகளுக்கு நிலம் தந்தார்கள். நியாயம்தான். நிலத்தைத் திருத்திய ராஞ்சிக்காரர்களில் பெரும்பாலோருக்கு? அவர்களுக்குத்தான் 'ஊர் இருக்கிறதே'! சம்பளத்துக்குக் காட்டை அழித்தவரை தொழிலாளி. வெட்டிய இடத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பாளர். 2002-ல் ஆக்கிரமிப்புகளை அகற்ற உச்சநீதிமன்ற உத்தரவும் வந்தது.

தீவுகளின் பழங்குடிப் பட்டியலில் அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென், நிக்கோபாரியர் என ஆறு பழங்குடிகள். மண்ணின் மக்கள், அவர்கள் உரிமையில் கைவைக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜார்க்கண்டில் அண்ணன் பழங்குடி, இங்கே வந்த தம்பி பழங்குடி இல்லை என்றால், இது எந்த ஊர் ரத்தப் பரிசோதனை? பேரனிடம் கேட்டால் ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. தாத்தா அனுப்பிய பணத்தில் அங்கே மாடு வாங்கியிருப்பார்கள்; அதில் இவனுக்கு ஒரு குளம்பும் இல்லை.

கடல் தாண்டி உரிமை செல்லாது என்பது சட்டமென்றால் தலைவணங்கலாம். ஆனால் பெருநிக்கோபாரில் துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டைக் கொடுக்கிறார்கள். அதற்கு ஈடாக மரம் நட ஒப்புக்கொண்ட இடம் ஹரியானா. மழைக்காட்டு மரம் வங்கக்கடலைத் தாண்டி வறண்ட மண்ணில் போய் மரமாகவே எண்ணப்படும். மரம் வெட்டியவன் பேரன் மட்டும் பழங்குடிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலக வரிசையில் நிற்கட்டும்.