பில் எதற்கு, நம்ம கடைதானே!

கேள்வி: வத்தலகுண்டில் வாங்கிய வாட்டர் ஹீட்டர் பத்தே நாளில் படுத்துவிட்டது. அன்று "பில் எதற்கு, நம்ம கடைதானே" என்றவர், இன்று "பில் எங்கே?" என்கிறாரே?
– வாசகி ஒருவர், கொடைக்கானல்

பதில்: உங்கள் பணம் கல்லாவுக்குள் போகும்வரைதான் அது 'நம்ம கடை'! பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அவரே தராத காகிதத்தை உங்களிடம் கேட்பதற்குத் தனி துணிச்சல் வேண்டும். பழுதான பொருளை, பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் தவறே. ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, கடை முத்திரையுள்ள வாரண்டி அட்டை எல்லாமே சாட்சி. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கள். மசியாவிட்டால் திண்டுக்கல் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.