போடு அப்புனு, தாராளமாப் போடு!

வா அப்புனு, இப்படிக் கட்டல்ல உக்காரு. நம்ம மாருதிக்கு டர்போ வெக்கப் போறயாமா? உங்கம்மா வந்து சொல்லிப்போட்டு ஒரே அழுகாச்சி. நான்தான் தேத்தி விட்டன். "ஏந்தாயி கண்ணைக் கசக்கறே? பையன் சம்பாதிக்கறான். காசை என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதானே? டர்போ கத்துக்குடுக்கும், உடு"ன்னு சொன்னன்.

நான் உன்ற கட்சி கண்ணு. சந்தேகமே வேண்டாம். 98-ம் வருச மாருதி எண்ணூறு. 796 சிசி, மூணு சிலிண்டரு, கார்பரேட்டரு, நாலு கியரு. கடையில இருந்து வந்த அன்னிக்கே 37 குதிரைச் சக்திதான். அதுல இன்னிக்கு எத்தனை மிச்சம்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அப்பேர்ப்பட்ட இஞ்சினைப் பாத்து, "இதுக்குக் காத்து பத்தல"ன்னு கண்டுபிடிச்சயே, அந்த மூளை யாருக்கு வரும்?

காயலாங்கடையில டீசல் ஸ்விஃப்ட்டுல இருந்து கழட்டின டர்போவைப் பன்னண்டாயிரத்துக்குப் பேசி வெச்சிருக்கயாம். நெம்பச் சல்லிசு. ஆனா ஒண்ணு, டர்போ ஒத்தையா வர்ற ஒறம்பரை இல்ல கண்ணு. அது வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள பின்னால ஒரு வேன் நிறைய ஆளு எறங்கும். அத்தனை பேத்துக்கும் எலை போட வேண்டியது நீயி.

மொதல்ல புகை வெளிய போற மேனிஃபோல்டு. எண்ணூறுக்குக் கம்பெனி குடுத்ததுல டர்போவை மாட்ட எடமே இல்ல. பட்டறையில புதுசா வெட்டி, வளைச்சு, வெல்டு வெக்கோணும். நல்லாக் கேட்டுக்க: பெட்ரோல் இஞ்சின் புகை டீசல் புகையை விட நெம்பச் சூடு. ஓட்டின ஓட்டத்துல 900 டிகிரிக்கு மேலயே போகும். டீசலுக்குன்னு செஞ்ச டர்போவை அதுல காட்டினா எத்தனை நாளைக்குத் தாங்கும்னு கடைக்காரனைக் கேட்டுப் பாரு. அவன் சிரிப்பான், பதில் சொல்ல மாட்டான்.

அடுத்தாப்புல பெட்ரோலு. காத்தை அமுக்கி உள்ள தள்ளினா, அதுக்குத் தக்கன பெட்ரோலும் போயாகோணும். உன்ற கார்பரேட்டர் காத்தை உறிஞ்சறப்ப வேலை செய்யற சாமானம். அதும்மேல காத்தை ஊதினா அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. பெட்ரோல் கொறஞ்சு காத்து மிஞ்சுச்சோ, பிஸ்டன் தலையில ஓட்டை விழுந்துரும். அதனால கார்பரேட்டரைத் தூக்கிக் கடாசிட்டு இஞ்செக்டர், புது பம்பு, அதையெல்லாம் ஆட்டி வெக்க ஒரு ஈசியூ பொட்டி, அந்தப் பொட்டிக்கு டியூனிங் பண்ண லேப்டாப்போட ஒரு தம்பி. பொட்டியும் தம்பியும் சேந்தாலே லட்சத்தை எட்டிப் பாக்கும்.

அமுக்கின காத்து சூடாகும். சூட்டுக் காத்து உள்ள போனா பெட்ரோல் நேரங்காலம் இல்லாம வெடிக்கும். நாக் அடிக்குதும்பாங்களே, அதேதான். அதுக்கு இன்டர்கூலர், அப்பறம் பெரிய ரேடியேட்டரு. பழைய கேஸ்கட் தாங்காது, ஹெட்டை இறக்கோணும். இறக்கினது இறக்கியாச்சு, பிஸ்டனையும் பாத்துரலாம்னு மெக்கானிக் சொல்லுவான். அவன் சொல்றதும் நாயந்தான்.

நாக் அடிக்கற தொந்தரவுல அமெரிக்காக்காரனே மூக்கறுபட்டிருக்கான், நீ வெசனப்படாதே. 1962-ல ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி ஜெட்ஃபயர்னு ஒரு காரு விட்டான். உலகத்துல டர்போவோட கடைக்கு வந்த மொதல் காருகள்ல ஒண்ணு. நாக் அடிக்காம இருக்கறதுக்குத் தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு சரக்கைத் தனித் தொட்டியில ஊத்தி ஓட்டோணும். அதுக்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்'னு பேரு வேற வெச்சான். வாங்கினவிய ஊத்த மறந்துட்டாங்க. ஊத்தலீன்னா டர்போ வேலை செய்யாது. புகார் மேல புகார். ரெண்டே வருசத்துல அந்தக் காரு நின்னுபோச்சு. கடைசீல கம்பெனியே டர்போவைச் சும்மாவே கழட்டிக் குடுத்து, சாதாரண கார்பரேட்டரை மாட்டி அனுப்பிச்சுது. உனக்குச் சும்மாக் கழட்டிக் குடுக்க யாரு இருக்கா? நானிருக்கன். கூலி மட்டும் குடு.

"ஜப்பான்ல இதே வண்டிக்கு டர்போ இருந்துச்சே அப்பிச்சி"ம்பே. இருந்துச்சு, மறுக்கல. 1987-ல சுசுகி ஆல்டோ வொர்க்ஸ்னு விட்டான். நம்ம எண்ணூறோட அண்ணந்தம்பி. கூடு ஒண்ணுதான். 543 சிசியில 64 குதிரைச் சக்தி எடுத்தான். ஆனா அவன் காயலாங்கடைக்குப் போகல கண்ணு. டர்போவைத் தாங்கற மாதிரி இஞ்சினைச் செஞ்சான். மூணு சிலிண்டருக்குப் பன்னண்டு வால்வு, ரெட்டைக் கேம் சாஃப்டு. டர்போவைச் சும்மாக் கொண்டாந்து மாட்டல, இஞ்சினை அதுக்குத் தக்கன தயார் பண்ணி வெச்சான். நீ பண்றது அதுக்கு நேர் எதுரு.

இன்னொண்ணு, டர்போவோட தண்டு நிமிசத்துக்கு லட்சஞ் சுத்துக்கு மேல சுத்தும். தாங்கிப் பிடிக்கறது மெலீசா ஓடற ஆயிலு. ஆயில் அழுக்கானாலும் தண்டு போச்சு, கொறஞ்சாலும் போச்சு. வெரட்டி ஓட்டிக்கிட்டு வந்து டக்குனு சாவியைத் திருப்பினா, உள்ள நிக்கற ஆயில் கருகிப் போகும். ஒரு நிமிசமாச்சும் ஐடில்ல உட்டுத்தான் ஆப் பண்ணோணும். வேகமாப் போறதுக்குன்னு லட்சங் குடுத்து, ஊடு வந்தும் எறங்க முடியாம உள்ளயே உக்காந்திருப்பே. உங்கம்மா காப்பியைக் காருக்கே கொண்டாந்து குடுப்பா.

ஊட்டி மலை ஏறோணும்ங்கறயாக்கும்? அது நாயமான பேச்சு. 2,200 மீட்டர் ஒசரத்துல காத்து இளசு, சாதா இஞ்சின் திணறும், டர்போ இருந்தா திணறாது. ஆனா ஏறினவன் எறங்கோணுமல்லோ? மேட்டுப்பாளையத்துக்கு எறங்கறப்ப டர்போ பிரேக் புடிக்காது. முன்னால டிஸ்க்கு, பின்னால டிரம்மு, 12 அங்குலச் சக்கரம், இதெல்லாம் 37 குதிரைச் சக்திக்குன்னு வெச்சது. பிரேக்கு, டயரு, கிளச் பிளேட்டு, கியர்பாக்ஸு, அத்தனையும் கையை நீட்டிக்கிட்டு நிக்கும்.

சரி, வரவு செலவு பாப்பமா? பழைய இஞ்சினுக்கு அரை பார் அழுத்தந்தான் பயமில்லாம வெக்கலாம். அதுல எல்லாஞ் சரியா அமைஞ்சா 37 அம்பது, அம்பத்தஞ்சு ஆகும். செலவு என்ற கணக்குல ரெண்டு லட்சத்துக்குக் கொறயாது. கொறச்சு முடிச்சுக் காட்டு, மீசையை எடுத்துக்கறன். வண்டியை வித்தா அம்பதாயிரந் தேறுமா? டர்போ வெச்சப்பறம் அதுவுந் தேறாது. பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டு எதுவும் பண்ணாமலே 85 குதிரை குடுக்கும். மூணு சிலிண்டருந்தான் வேணும், டர்போவுந்தான் வேணும்னா, 2017-ல மாருதியே பலேனோ ஆர்எஸ்னு விட்டான். 998 சிசி, 102 குதிரை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு. செகண்ட்ஸ்ல தேடினா அம்புடும்.

அதுக்கு மனசில்லீன்னா, சித்தெ இரு, ஒரு வேலை பண்ணு. மெக்கானிக்கிட்டச் சொல்லி மூணு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாக்கச் சொல்லு. வால்வு இடைவெளி சரி பண்ணு, கார்பரேட்டரைக் கழுவு, பிளக்கு, ஃபில்டரு மாத்து, டயருக்குக் காத்து அடி. உனக்கு வேணும்ங்கற பிக்கப்புல பாதி அங்கயே கெடக்குது. ஆனா அதையெல்லாம் கூட்டாளிககிட்டச் சொன்னா கெத்தா இருக்காது. அதனால போடு, டர்போவே போடு.

போடறதுக்கு முந்தி ஒரே ஒரு தாக்கல். மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ம் பிரிவு, கம்பெனி செஞ்சதை நம்ம இஷ்டத்துக்கு மாத்தப்படாதுங்குது. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிப்போட்டுது. 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூவா அவராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் செயிலு, ரெண்டுஞ் சேந்தும் போடலாம். எஃப்சிக்கு நிறுத்தறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தூக்கினா, குண்டா ஒக்காந்திருக்கற டர்போவை மறைக்க முடியாது. இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சுருவான்.

இதுல தண்டனை யாருக்குத் தெரியுமா? சாவியைத் திருப்பின ஆளுக்கில்ல, ஸ்பேனர் புடிச்ச ஆளுக்கில்ல. வண்டி ஓனருக்கு. அந்த ஆர்சி புக்கை எடுத்துப் பாரு அப்புனு. உனக்கு வண்டியைக் குடுத்தன், பேரு மாத்தறன் மாத்தறன்னு நீ இன்னும் மாத்தல. அதுல இருக்கறது என்ற பேரு.

அதனால மொதல்ல ஆர்டிஓ ஆபீசுக்குப் போயி பேரை மாத்திக்கிட்டு வா. அப்பறம் ஒரு டர்போ என்ன, ரெண்டாவே வெய்யி. நானே வந்து தேங்கா உடைக்கறன்.