தாய்மாமனின் விலாசம்

அன்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம்; கணப்பு அடுப்பும் க்ஷேமம்; கூரைமேல் முழு உரிமையோடு உலாவரும் நீர்க்கோழிகளின் க்ஷேமத்துக்கோ ஒரு குறைவும் இல்லை.

உன் கேள்வி வாட்ஸப்பில் ஒரே வரியில் வந்தது. "பத்திரிகை தபால்ல அனுப்பணும், உன் வீட்டு நம்பர், தெரு, பின்கோடு மூணையும் ஒழுங்கா எழுதி அனுப்பு" என்று கேட்டிருந்தாய். இதற்கிடையில் சம்பந்தி வீட்டார், பெண்ணின் தாய்மாமன் லண்டனில் எந்தப் பக்கம் வீடு வாங்கியிருக்கிறார் என்று விசாரித்ததாகவும், அத்திம்பேர் சற்றும் தயங்காமல் "தண்ணீர்க் கரையோரமாக" என்று விடையளித்ததாகவும், அதைக் கேட்ட அவர்கள் பெரும் மரியாதையோடு போண்டாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியதாகவும் குழந்தை எனக்குத் தனியே செய்தி அனுப்பினாள். அத்திம்பேருடைய சத்திய நிஷ்டையை நான் என்றைக்கும் சந்தேகித்ததில்லை. இப்போதும் அவர் சொன்னதில் ஓர் அட்சரம் பொய்யில்லை. கரையோரம் என்பதற்குப் பதிலாகக் கரையிலிருந்து இரண்டங்குலம் தள்ளி என்று சொல்லியிருந்தால் முற்றிலும் சரியாக இருந்திருக்கும்.

நான் குடியிருக்கும் படகின் நீளம் 57 அடி. அகலம் 6 அடி 10 அங்குலம். இந்த அகலத்தை நிர்ணயித்தவன் நானல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய நீர்க்கதவுத் தொட்டிகளை, அதாவது இங்கே எல்லோரும் லாக் என்று சொல்பவற்றை, ஏழடி அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்; கரியும் பீங்கானும் ஏற்றிச் சென்ற அக்காலத்துப் படகுகளுக்கு அது போதும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். அதன் பலனாக, இத்தனை காலத்துக்குப் பிறகு மாயவரத்திலிருந்து புறப்பட்டு வந்த ஒருவன், சட்டையின் வலது கையை மாட்டும்போது ஜன்னலையும் இடது கையை மாட்டும்போது புத்தக அலமாரியையும் இடித்துக்கொள்கிறான். என்னைப் பார்க்க யாராவது வந்து, நான் சமைக்கும் நேரத்தில் அவர் என்னைத் தாண்டிப் போகவேண்டியிருந்தால், எங்களில் ஒருவர் கரைக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

இனி விலாசத்துக்கு வருகிறேன். இந்நாட்டுக் கால்வாய்களில் படகைக் கட்டிவைக்கத் தனக்கென்று ஒரு துறை வைத்திருப்பவர் ஒரு ஜாதி. துறையில்லாமல் சஞ்சரிப்பவர் மற்றொரு ஜாதி. துறைக்கு வாடகை கொடுக்கும் ஐசுவரியம் இன்மையால் நான் பின்னதைச் சேர்ந்தேன். நண்பர்களிடம் சொல்லும்போது மட்டும் சுதந்திரத்தில் உள்ள பிரியத்தினால் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். எங்களுக்கென்று 1995ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. படகை மெய்யான பிரயாணத்துக்கே பயன்படுத்த வேண்டும். எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து பதினான்கு நாளுக்கு மேல் தங்கலாகாது. சூழ்நிலையை ஒட்டி நியாயமான காரணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தங்கலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கணக்கிட்ட நம் பெரியவர்களைக் காட்டிலும் வெள்ளைக்காரன் தாராளமானவன் என்றே முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்ரீராமனுக்கு விதித்த வனவாசம் பதினான்கு வருஷத்தில் ஒரு தரத்தோடு தீர்ந்தது. எனக்கு விதித்ததோ பதினான்கு நாள்தான் என்றாலும், தீர்ந்த மறுநாளே முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 'ஓர் இடம்' என்றால் எவ்வளவு தூரம் என்பதை அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆகவே கரையில் இரண்டு படகுக்காரர் சந்தித்தால் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் இந்த வியாக்கியானத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் நடுவிலுள்ளது ஓர் இடம் என்பது ஒரு மதம். ஊரின் பெயர் மாறினால்தான் இடம் மாறியதாகும் என்பது மற்றொரு மதம். போன மாசம் எனக்குப் பின்னால் நின்ற தாடிக்காரர், கால்வாய் முழுவதும் ஒரே தண்ணீராகையால் அது முழுவதும் ஓரிடமே என்று அத்வைதம் பேசினார். அவருக்குச் சீக்கிரத்தில் நோட்டீஸ் வந்தது. நியாயமான காரணம் எது என்பதிலும் வாதப் பிரதிவாதத்துக்குப் பஞ்சமில்லை. கால்வாய் உறைந்துபோனால் அது காரணம். எஞ்சின் கெட்டால் காரணம். உடம்பு படுத்தால் காரணம். அக்கம்பக்கத்தில் நல்ல முருங்கைக்காய் கிடைப்பது காரணமாகுமா என்று நான் கேட்டதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. சிரிக்காதே. ஆல்பர்ட்டன் என்ற இடத்தில் கால்வாய்ப் பாலத்தின் மேலேறினால் ஈலிங் ரோடு. அங்கே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சேப்பங்கிழங்கும் கூடையில் குவிந்து கிடக்கும். அந்த வீதியை விட்டுக் கயிற்றை அவிழ்க்கும் காலையில் என் மனசு படும் பாட்டை எந்தச் சட்டமன்றமும் விசாரித்ததில்லை.

சட்டத்தை மதித்துப் புறப்பட்டாலும் உடனே போய்விட முடிகிறதா? கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு நான்கு மைல். கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதி. கரைப்பாதையில் நாயோடு வந்த ஒரு கிழவி எனக்குக் காலை வணக்கம் சொன்னாள், என்னைத் தாண்டிப் போனாள், நாயின் காரியம் முடியும்வரை நின்றாள், மறுபடியும் வணக்கம் சொல்லி மறுபடியும் தாண்டிப் போனாள்.

பத்திரிகையை எங்கே அனுப்புவது என்கிறாயா? இந்நாட்டில் 'போஸ்ட் ரெஸ்டாந்த்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. என் பெயரோடு ஒரு தபால் நிலையத்தின் பெயரை எழுதிப் போட்டால், நான் வந்து கேட்கும்வரை வைத்திருப்பார்கள். உள்நாட்டுக் கடிதமானால் இரண்டு வாரம். வெளிநாட்டிலிருந்து வந்த கடிதமானால் ஒரு மாதம். ஆக, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உன் பத்திரிகைக்கு இந்த ஊரில் ஒரு மாதம் தங்கும் பாக்கியம் உண்டு. வரி கட்டும் எனக்குப் பதினான்கு நாள். வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, விலாசமில்லாதவனுடைய பாடு வேடிக்கையல்ல. வங்கியில் கணக்குக்கு விலாசம், வைத்தியரிடம் பதிய விலாசம், ஜுரத்தோடு போய் நிற்பவனிடம் "எங்கே வசிக்கிறீர்கள்?" என்று கேட்டால், போன வாரமா இந்த வாரமா என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. ஓட்டுரிமை ஒன்றில்தான் பெரிய மனசு காட்டியிருக்கிறார்கள்: நிலையான வீடில்லாதவன், எந்த வட்டாரத்தோடு தனக்குச் சம்பந்தம் என்று ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடலாம். காமன்வெல்த் பிரஜை என்ற முறையில் நானும் எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதும் கட்டம் இருந்திருந்தால் முருங்கைக்காய் என்று எழுதியிருப்பேன்.

ஸ்நான சௌசங்களைப் பற்றி அத்திம்பேர் கேட்டாராம். ஸ்நானத்துக்குக் குறைவில்லை. மற்றதற்கு ஒரு பெட்டி உண்டு. சுமார் இருபது லிட்டர் கொள்ளும். நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் அதைக் கையில் தூக்கிக்கொண்டு அதற்கென்று உள்ள இடம்வரை, எதிர்ப்படுபவர்களுக்கெல்லாம் முகமன் கூறியபடி, கௌரவமாக நடக்க வேண்டும். இதற்கு மேல் கல்யாண வீட்டுக்கு எழுதுவது உசிதமல்ல.

சௌத்தால் பக்கம் வந்த அன்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். படுத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், தலைமாட்டில் இரும்புச் சுவருக்கு அப்பால் யாரோ விரலால் தட்டுவதுபோல 'டொக், டொக்' என்று சத்தம். பக்கவாட்டுக் கதவைத் திறந்து டார்ச்சை அடித்துப் பார்த்தால், குடுமி கலையாத தேங்காய் ஒன்று; அதன் முகத்தில் குங்குமம் பாதி கரைந்து, ஒரு மஞ்சள் நூல் அவிழ்ந்து தண்ணீரில் நீளமாக மிதந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்து நம்மவர்களுக்குக் கங்கையும் யமுனையும் எட்டாததால் இந்தக் கால்வாயையே தீர்த்தமாகப் பாவித்துத் தேங்காயைச் சமர்ப்பிக்கிறார்கள். பழகிய படகுக்காரர்களுக்கு இது புதிதல்ல. எடுத்துச் சட்னி அரைக்கலாமா என்று ஒரு க்ஷணம் சபலம் தட்டியது. அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு காலால் மெள்ளத் தள்ளி அனுப்பினேன். அதுவும் என்னைப்போலவே, போகச் சொன்னதும் கொஞ்ச தூரம் போய் அடுத்த படகின் பக்கம் ஒண்டிக்கொண்டது.

மறுநாள் காலை எஞ்சின் திணறியது. நம்மவர்களின் இன்னொரு சமர்ப்பணம் சுழலியில் சுற்றியிருந்தது. படகின் பின்புறம் அதற்கென்றே உள்ள மூடியைத் திறந்து, பனித்தண்ணீரில் தோள்வரை கையை விட்டு, ரொட்டி அறுக்கும் கத்தியால் துண்டு துண்டாக அறுத்து எடுத்தேன். அரக்கில் பச்சைக் கரை, இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை. நீ பார்த்திருந்தால் கத்திக்குக் குறுக்கே விழுந்திருப்பாய்.

கல்யாணப் பத்திரிகையை முதலில் ஏதாவது ஒரு பெருமாள் சந்நிதியில் வைக்கச் சொன்னாயே, அதற்காகவே போன வாரம் ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தன்னந்தனியாக பர்மிங்காமுக்கு அருகில் உள்ள டிவிடேலுக்குப் போய்வந்தேன். அங்கே திருப்பதியை மனத்தில் கொண்டு கட்டிய பாலாஜி கோயில் இருக்கிறது; 2006இல் கும்பாபிஷேகம் ஆயிற்று. எம்40 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பிரயாணம். இதையே கால்வாய் வழியாகச் செய்வதென்றால் பர்மிங்காம் வரைக்குமே 137 மைலும் 166 லாக்குகளும் கடந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம். மணிக்கு எழுபது மைல் வேகத்தில், மரங்கள் நம்மிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகின்றன. ஊருக்குள் நுழைந்ததும் தெருவோரம் நின்ற கார்களைக் கண்டு, கட்டிய படகுகளைத் தாண்டும் சம்பிரதாயப்படி வேகத்தைத் தணித்து ஊர்ந்தேன். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பி ஆசீர்வதித்தார்கள்.

வழியில் வார்விக் அருகே ஹாட்டனில் இறங்கினேன். அங்கே ஒரே குன்றின்மேல் 21 லாக்குகள் வரிசையாக ஏறுகின்றன. பழைய ஏழடித் தொட்டிகளை ஒதுக்கிவிட்டு 1930களில் அகலமாகப் புதுப்பித்தார்கள். மழையில் ஒரு குடும்பம், தகப்பனார் சுக்கானைப் பிடிக்க, தாயார் கைப்பிடியைச் சுழற்ற, பிள்ளைகள் கதவோடு மல்லுக்கட்ட, ஐந்தாவது லாக்கில் பரிதாபமாக நின்றது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கையில் சூடான தேநீரில்லாத குறை ஒன்று தவிர மற்றெல்லா லட்சணங்களோடும், கரையில் நின்று யோசனை சொன்னேன். வேடிக்கை பார்ப்பவனுடைய ஆனந்தம் இத்தனை உயர்ந்தது என்று அன்றுதான் தெரிந்தது. சந்நிதியில் அச்சடித்துக் கொண்டுபோன பத்திரிகைப் படத்தை வைத்து, குழந்தையின் பெயருக்கு அர்ச்சனையும் செய்தேன். தளிகை வாசனையில் எனக்குக் கண் கலங்கியதைப் பெருங்காயத்தின்மேல் போட்டுவிடலாம். அன்றிரவு விடுதியில் உறக்கமே வரவில்லை. கட்டில் அசையாமல் ஓரிடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். தை மாதம் நான் ஒரு மாத விடுப்பில் வருவதென்றால், படகைப் பதினான்கு நாளுக்கு மேல் கால்வாயில் கட்டிவிட்டு வரமுடியாது. மருமகளின் கல்யாணம் நியாயமான காரணமாகுமா என்று விசாரித்ததில், படகு கல்யாணத்துக்கு வரவில்லையே என்ற தொனியில் பதில் வந்தது. ஆகையால் கௌலி லாக்குக்கு வடக்கே உள்ள ஒரு தனியார் துறையில் விட ஏற்பாடு செய்திருக்கிறேன். ஜவுளிக்கடைக்காரன் துணியை அளப்பதுபோல் படகை அடி அடியாக அளந்து வாடகை சொன்னார்கள். அங்கே போய்ச் சேருவதும் சுலபமல்ல. குளிர்காலத்தில்தான் லாக்குகளை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டு, மராமத்து பார்ப்பார்கள். என் வழியை அடைப்பதற்குள் தாண்டிவிட வேண்டும். அதற்குள் தண்ணீர் உறைந்தால் அதோகதி. விமான டிக்கெட் எடுத்தாயிற்று, அதில் சந்தேகம் வேண்டாம். துறை வாடகையில்தான் குழந்தைக்கு நினைத்திருந்த நெக்லஸ் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

சம்பந்தி வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொல். தாய்மாமன் செய்யவேண்டிய முறை எதிலும் படகு குறுக்கே நிற்காது. மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க ஆள் தேடவேண்டியதில்லை. டன் கணக்கில் எடையுள்ள லாக் கதவுகளை முதுகு கொடுத்துத் தள்ளித் தள்ளி என் தோள் நன்றாக இறுகியிருக்கிறது. பிள்ளை வீட்டு மாமாவுக்கு எத்தனை வயது, இடுப்பு எப்படி என்று மட்டும் ஜாடையாக விசாரித்து வை. குழந்தையின் எடையையும் எழுது. நான் கேட்டதாக அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி