ஆறு மாத அம்மிச்சி

அமெரிக்காவில் பிள்ளையை யார் துணையுமில்லாமல் வளர்க்கிறார்கள் என்று கோவையில் பெருமையாகச் சொல்வது பாதிதான் உண்மை. அந்நாட்டின் 1993-ஆம் ஆண்டு மத்திய சட்டம் பேறுகாலத்துக்கு உறுதி தருவது 12 வார விடுப்பு. அதுவும் சம்பளமில்லாமல், சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அதுகூடக் கிடையாது. குழந்தைக்குத் தலை நிற்பதற்குள் விடுப்பு தீர்ந்துவிடும். மிச்சத்தைத் தாங்குவது சுற்றுலா விசா. அதில் போய் இறங்குபவருக்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி. அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் அப்பிச்சியும் முதல் ஆறு மாதம், அப்பாவைப் பெற்ற ஆத்தாவும் அப்பாரும் அடுத்த ஆறு மாதம். வருஷம் சரியாகக் கழிந்துவிடுகிறது. விதியை எழுதியவர் நம் சம்பந்திகளிடம் கலந்துபேசித்தான் எழுதினாரோ என்னவோ! அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், சந்தகை பிழிவதும், ராத்திரி ரெண்டு மணிக்குத் தூளி ஆட்டுவதும் ஊர் சுற்றிப் பார்ப்பதில் சேர்த்தி போலிருக்கிறது.

பேரனைப் பார்க்கும் ஆசையில்தானே போகிறார்கள் என்பீர்கள். ஆசைதான், மறுக்கவில்லை, ஆனால் அது மகளின் விடுப்பு முடியும் வாரத்தில்தான் டிக்கெட் எடுக்கச் சொல்கிறது. காப்பகம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. காய்ச்சலடித்தால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆத்தாவால் அப்படி அனுப்ப முடியாது. அவர்கள் இல்லாதபோது பொள்ளாச்சியில் தென்னைக்குத் தண்ணீர் கட்டுவது யார் என்று மட்டும் வீடியோ அழைப்பில் எவரும் கேட்பதில்லை.